ஜூபிலிக்கு முதுகைக் காட்டி

முத்தாபுதுப்பேட்டை
12.1.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள ராஷித் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இருட்டில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். அத்தா கூடத்தில் படுத்திருக்கிறார், தூங்கவில்லை. நம் ஊர் கால்பந்து டீம் ஜூபிலி தோற்ற இரவுகளில் அவர் தூங்குவதில்லை. அப்படிப் பார்த்தால் அந்த மனிதர் வாழ்க்கையில் எத்தனை இரவு தூங்கியிருப்பார் என்று நீயே சொல். நான் சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் டார்ச்சைத் துணியில் சுற்றிவைத்து எழுதுகிறேன். யாராவது வந்தால் இது வேதியியல்.

நடந்தது இதுதான். ஆட்டம் முடியும் நேரம். ஒன்றுக்கு ஒன்று. நான் வழக்கம்போல் அந்தப் பச்சை ரெக்சின் ஸ்டூலில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, நம் ரசிகப் பெருமக்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயதில் பஞ்சுமிட்டாய்க்காரனைப் பார்க்க நான் திரும்பிய நேரத்தில் ஜூபிலி ஒரு கோல் போட்டுத் தொலைத்தது. அன்றிலிருந்து நான் ராசி. "பாப்பா, திரும்பிக் குந்து!" எட்டு வருடமாக எனக்குத் தெரிந்த கால்பந்து அவ்வளவுதான். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது. ஆஃப்சைடு கொடுத்தால் நடேசன் மாமா துண்டின் எந்த நுனியைக் கடிப்பார் என்று தெரியும். கார்னர் என்றால் ஜெயராமன் அங்கிள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பெனால்டி என்றால் ஜஸ்டின் அண்ணன் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அத்தா கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்கள் மைதானத்தைப் பார்ப்பதால் அது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். ஆட்டம் பார்க்க வந்து ஆட்டத்தைப் பார்க்காமல் இருக்க ஆளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இதற்கு ஆட்டம் இருக்கிற ஒவ்வொரு ஞாயிறும் போக வேண்டுமாம்.

இன்று ஒரு பந்து என் முதுகில் வந்து விழுந்தது. வலி தாங்காமல் திரும்பினேன். திரும்பியவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அண்ணா, இவ்வளவு வருடமாக இவர்கள் அழுததும் கத்தியதும் இதற்கா? பச்சை பனியன் போட்ட பதினோரு பேர் பந்து போன பிறகு பந்து இருந்த இடத்துக்கு ஓடுகிறார்கள். அது போதாதென்று கோல்கீப்பர் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே பந்து உள்ளே போவதைத் தலையைத் திருப்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒன்றுக்கு இரண்டு.

நான் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது எல்லாரும் தலையில் கை வைத்திருந்தார்கள். ஜஸ்டின் அண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொல்லிவிட்டால் என் கதி என்ன? இனி ஒரே ஓர் ஆட்டம்தான் மிச்சம். பிப்ரவரி 9, திருநின்றவூர்க்காரர்களுடன். அதிலும் தோற்றால் ஜூபிலி கடைசி இடம். லீக்கிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்களாம். எடுத்தால் நல்லது என்று மனம் சொல்கிறது. ஆனால் அது என்னால் என்று ஆகிவிடக் கூடாது.

பதில் வழக்கம்போல் என் தோழி வர்ஷா வீட்டு முகவரிக்கே போடு. அம்மா போனில் தடுத்துவைத்த உன் நம்பரை அத்தா இன்னும் திறந்துவிடவில்லை.

மஹீரா


ஓசூர்
18.1.2025

மஹீரா,

வ அலைக்கும் ஸலாம்.

நீ திரும்பியதால் ஜூபிலி தோற்றது என்றால், நீ திரும்பாத மற்ற ஞாயிறுகளில் எல்லாம் யார் திரும்பியதால் தோற்றது? இதைத்தான் இரண்டு வருடத்துக்கு முன் டீக்கடை வாசலில் வைத்துக் கேட்டேன். "வயசுக்கு வந்த பொண்ண மாடு கட்டுற மாதிரி திருப்பிக் குந்த வெக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அந்த ஸ்டூலைக் காலால் உடைத்தேன். அத்தா என் கன்னத்தில் அறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. அறைந்த கையாலேயே அன்று சாயங்காலம் ஸ்டூலை ஒட்டவைத்துப் புது ரெக்சின் போட்டார் பார், அதைப் பார்த்துத்தான் ரயில் ஏறினேன். மகன் போகிறான், மனிதர் ஆணி அடிக்கிறார்.

அந்த டீமில் நானும் இரண்டு சீசன் ஆடியவன். அதனால் உரிமையோடு சொல்கிறேன்: அது டீம் இல்லை, வியாதி. ஆடுகிறவனுக்கு வயதானால் குணமாகிவிடும். பார்க்கிறவனுக்குத்தான் மருந்து கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கிருந்து உனக்காகப் போட்ட சேலம் ஜவுளிக் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தேர்வு பூந்தமல்லியில். தேதியைப் பார்த்துவிட்டு மயக்கம் போட்டு விழாதே. பிப்ரவரி 9, ஞாயிறு, மதியம் இரண்டு முதல் ஐந்து வரை.

ஆட்டம் நாலு மணிக்குத்தானே? ஒன்று அங்கே முதுகு, இல்லை இங்கே பேனா. யோசிக்க இதில் ஒன்றுமே இல்லை. போய் எழுது.

ராஷித்


முத்தாபுதுப்பேட்டை
24.1.2025, வெள்ளி இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ ஓசூரில் உட்கார்ந்துகொண்டு யோசிக்க ஒன்றுமில்லை என்று எழுதிவிடுகிறாய். இங்கே அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து பார்.

ஜஸ்டின் அண்ணன் சொல்லிவிட்டார். கடைக்கு வந்தே சொன்னாராம். அத்தா ஏதோ ஓர் ஆட்டோவுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தவர், ஊசியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது. அடிப்பாரென்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, நீ திரும்புனியா? ஜஸ்டினு சொல்றான்."

"இல்ல அத்தா."

"கழுத்தத் தூக்கி லேசா பாத்தியா?"

"இல்ல அத்தா. சத்தியமா."

"நான் சொன்னேன் அவன்கிட்ட. எம் பொண்ணு எட்டு வருசமா திரும்பாதவ, இப்ப மட்டும் திரும்பிடுவாளானு கேட்டேன்."

அத்தா சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பொய் சொன்னதற்கு அல்ல, அவர் அதை அவ்வளவு சுலபமாக நம்பியதற்கு. ஜூபிலி ஜெயிக்கும் என்று நம்புகிறவரிடம் எதைச் சொன்னாலும் நம்பத்தானே செய்வார்?

இதே அத்தாதான் போன ஜும்மாவில், ராசி பார்ப்பதும் சகுனம் பார்ப்பதும் தவறு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் பயானில் பேசியபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "இன்னாமா பேசினாரு!" என்று வந்து மெச்சினார். அம்மா, "அப்போ ஸ்டூலு?" என்று கேட்டாள். "அது வேற, இது வேற" என்றார். எது வேறு, எது இது என்று அம்மாவும் கேட்கவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. என்னை நம்பினாரே தவிர, ஆபத்தைக் கைவிடவில்லை. கடையில் மூன்று நாளாக ஏதோ தைத்தார். நேற்று தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் இறக்கினார். ஸ்டூலுக்கு முதுகு முளைத்திருக்கிறது அண்ணா. என் தலைக்கு மேலே நிற்கிற உயரம். இரண்டு பக்கமும் காது மாதிரிப் பட்டை. வண்டிக் குதிரையின் கண்ணுக்குப் பக்கத்தில் கட்டுவார்களே, அதே அமைப்பு. உட்கார்ந்தால் இடதும் தெரியாது, வலதும் தெரியாது. நேரே அந்த நாலு முகம் மட்டும்.

"தெரியாம திரும்பிட்டாகூட ஒண்ணும் ஆவாது பாப்பா. பின்னால குஷன் வெச்சிகீறேன். முதுகு வலிக்காது."

தையலைத் தடவிப் பார்த்தேன். இரட்டைத் தையல். ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங். கார்க்காரர்கள் கேட்டால்கூட இவ்வளவு சுத்தமாகத் தைத்துக் கொடுக்கமாட்டார். எனக்கு அழுகை வந்தது. அதை அத்தா சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

நல்ல மனநிலையில் இருக்கிறாரே என்று சேலத்தைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். தேர்வைச் சொல்லவில்லை. வர்ஷாவுக்குத் தெரிந்த ஓர் அக்கா படிக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். உடனே, "சேலமா? ஆஸ்டலா? இங்கியே ஆவடில காலேஜ் கீதே" என்றார். பெண்பிள்ளையைத் தனியே அனுப்பப் பயம் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். என்ன சொன்னார் தெரியுமா?

"அப்பால ஞாயித்துக்கிழம யாரு குந்துறது?"

அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

மஹீரா


ஓசூர்
30.1.2025

மஹீரா,

காது வைத்த நாற்காலியா? உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை அறையில் இருந்த பையன், "இன்னா அண்ணே, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

கோழையாக இருக்காதே. அந்த நாலு பேரைப் பார்த்தா பயம்? துண்டு கடிக்கிற ஆட்டோக்காரர், கண்ணாடி கழற்றுகிற ரிட்டயர்டு பார்ட்டி, பெனால்டி வந்தால் தாகம் எடுக்கிற ஜஸ்டின், கண்ணை மூடுகிற நம் அத்தா. நாலு பேரும் சேர்ந்து ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்த்தது கிடையாது. இவர்கள் உன்னைப் பூந்தமல்லி வரை வந்து இழுத்துக்கொண்டு போவார்களா?

இப்படிச் செய். மதியம் டியூஷன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. வர்ஷாவின் அம்மாவை ஸ்கூட்டியில் கொண்டுவிடச் சொல். தேர்வு முடிந்த பிறகு வீட்டுக்குப் போய் அடி வாங்கிக்கொள். அடி ஒரு நாள் வலிக்கும். சேலம் போகாவிட்டால் அந்த நாற்காலிக்கு அடுத்து கதவும் வைத்துத் தைப்பார்.

ஜூபிலி அன்று தோற்றுப் போகும். நீ இருந்தாலும் தோற்கும். இல்லாவிட்டாலும் தோற்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஜூபிலியை முழுசாக நம்பலாம்.

ராஷித்


முத்தாபுதுப்பேட்டை
6.2.2025, வியாழன் இரவு

அண்ணா,

நான் தேர்வுக்குப் போகப்போவதில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் திட்டி எழுதிப் பிரயோஜனமில்லை.

இன்று சாயங்காலம் மற்ற மூன்று பேரும் அத்தாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். நடேசன் மாமா எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார், கோயிலுக்குக் கொண்டுபோவது போல. "பாப்பா, ஒடம்பப் பாத்துக்கோ. ஜொரம் கிரம் வந்துடப் போவுது." ஜெயராமன் அங்கிள் புது நாற்காலியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, "இன்னா வேல பாய்! இனிமே தோக்க வயியே இல்ல" என்றார். ஜஸ்டின் அண்ணன் மட்டும் என்னைப் பார்க்காமல் பிஸ்கட் தின்றார். படித்தவர், சம்பாதிக்கிறவர், பேரன் பேத்தி எடுத்தவர் எல்லாரும் ஒரு ரெக்சின் நாற்காலிக்கு முன்னால் பயபக்தியோடு நிற்கிறார்கள். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

ஆனால் அவர்கள் போன பிறகு யோசித்தேன். நான் ஆட்டத்துக்குப் போகாமல் இருந்து, ஜூபிலி தோற்று, பெயரை எடுத்துவிட்டால்? அத்தா என்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சாகிறவரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் ஒன்றுக்கு இரண்டு ஆனபோது இருந்தது போல இருக்கும். அந்த முகம் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. நீ எப்போதும் மைதானத்தில் இருந்தாய்.

நீ எழுதியது எல்லாம் சரிதான். எனக்கும் அதெல்லாம் தெரியும். தெரிந்தும் பயமாக இருக்கிறது.

ஹால் டிக்கெட்டைக் கணக்குப் புத்தக அட்டைக்குள் வைத்திருக்கிறேன். கிழிக்க மனம் வரவில்லை.

மஹீரா


முத்தாபுதுப்பேட்டை
10.2.2025, திங்கள் இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

முந்தின கடிதத்தைப் படித்துவிட்டாயா? அதைக் கிழித்துப் போடு. நான் தேர்வு எழுதிவிட்டேன்.

ஞாயிறு காலை அத்தா சீக்கிரமே மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடப் போய்விட்டார். நான் பச்சைத் தாவணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

"கணக்குப் பொஸ்தவத்துல வெச்சிகீறியே, அத எடுத்துக்கினு கெளம்பு."

வர்ஷாவின் அம்மா ரேணுகா ஆன்ட்டி முதல் நாளே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். உன் கடிதங்கள், சேலம், பூந்தமல்லி, எல்லாம். நான் டிரம்முக்குப் பின்னால் எழுதுவதும் தெரியுமாம். "வேதியியல் படிக்கிறவ எதுக்குடி மூக்க உறிஞ்சிக்கினு படிக்கப் போறா?" என்றாள்.

"அத்தா கேட்டா?"

"நான் குந்துறேன். முதுகுதானே காட்டணும்? எனக்கும் கீது முதுகு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மைதானத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காத அம்மா, அந்தக் காது வைத்த நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். நான் அப்போது பூந்தமல்லியில் வினாத்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததை அம்மா சொல்லித்தான் உனக்கு எழுதுகிறேன்.

நடேசன் மாமா, "இன்னா பாய் இது, கடைசி நேரத்துல ஆள மாத்துறீங்க? பாப்பா எங்க?" என்று கத்தினாராம்.

"பாப்பா பரிட்ச எழுதப் போய்கீது. வேணும்னா நான் குந்துறேன். வேணான்னா நாற்காலிய எடுத்துக்கினு போய் வெறகுக்கு ஒடைக்கிறேன். சொல்லுங்க."

அவர்கள் சொல்வதற்குள் அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்கு ரசிகர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது இல்லையா, நான் பழகிப்போனதெல்லாம் அவளுக்குப் புதுசு. "அந்த ஆளு துண்ட மென்னு துன்றாருடி" என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். ஆட்டம் முடியும் வரை ஒருவரும் கோல் போடவில்லை. சமமாக முடிந்தாலும் ஜூபிலி கடைசிதானாம், ஜெயித்தே ஆக வேண்டுமாம். கடைசியில் நமக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஜெயராமன் அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். அம்மா அத்தாவைப் பார்த்தாள். அத்தா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டாள்.

"இன்னாங்க, கண்ண மூடிக்கினு கீறீங்க? தூங்குறதுக்கு வூடு இல்லியா? இதுக்கா இத்தினி வருசம் சோறு கட்டி அனுப்புனேன்?"

எல்லாரும் திரும்பி அத்தாவைப் பார்த்தார்களாம். அத்தா வெட்கப்பட்டுக் கண்ணைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் திருநின்றவூர்க்காரன் ஒருவன் பந்தைத் தலையால் தட்டித் தன் கோலுக்குள்ளேயே போட்டுவிட்டான்.

நடேசன் மாமாவும் ஜெயராமன் அங்கிளும் ஜஸ்டின் அண்ணனும் அத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கோலைப் பார்க்கவில்லை. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஜூபிலி ரசிகர்களிலேயே அந்தக் கோலைப் பார்த்தது அத்தா மட்டும்தான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். பெயரை எடுக்கமாட்டார்கள். இவ்வளவு வருடப் பக்திக்கு எதிராளி போட்ட பிச்சை.

நான் அடிக்குத் தயாராகத்தான் வீட்டுக்கு வந்தேன். அத்தா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "பாப்பா, நான் பாத்தேன்" என்றார். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிப் பந்து வந்தது, எப்படி அவன் தலையில் பட்டது, எப்படி உள்ளே போனது என்று எனக்குக் கையால் காட்டினார். அந்தக் கை அழகாக இருந்தது என்று எழுதக் கூசுகிறது. ஆனால் இருந்தது.

மஹீரா


ஓசூர்
17.2.2025

மஹீரா,

உன் இரண்டு கடிதமும் அடுத்தடுத்து வந்தன. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டி மூன்று பக்கம் எழுதினேன். இரண்டாவது வந்ததும் கிழித்தேன். நல்ல திட்டுகள், வீணாகிவிட்டன.

எதிராளி தலையில் பட்டு விழுந்த கோலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நம் ஆட்கள் சொந்தமாக ஒரு கோல் போட்டால் ஊரில் கறி விருந்து வைப்பார்கள் போல. அம்மா பேசியதை மட்டும் நேரில் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். அன்று நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை நான் அறை மொட்டைமாடியில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். அன்று மட்டுமல்ல. இங்கே வந்த முதல் மாதம் ஒரு ஞாயிறு என் செருப்பு திருட்டுப் போனது. அன்று ஜூபிலி ஜெயித்ததாகப் பிறகு தெரிந்தது. அதிலிருந்து ஆட்டம் இருக்கிற ஞாயிறுகளில் அந்த நேரத்துக்குச் செருப்புப் போடுவதில்லை. பிப்ரவரி வெயிலில் தளம் எப்படிச் சுடும் தெரியுமா? அறைப் பையன் இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு அன்றிலிருந்து மரியாதையாகப் பேசுகிறான்.

வியாதி என்று எழுதினேன் அல்லவா? வயதானால் குணமாகும் என்று எழுதியது தவறு.

இனி ஜூபிலி பற்றி எழுதாதே. பொதுத்தேர்வுக்குப் படி.

ராஷித்


முத்தாபுதுப்பேட்டை
1.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நோன்பு, பெருநாள், பொதுத்தேர்வு எல்லாம் முடிந்து இப்போதுதான் எழுத முடிகிறது. சேலத்தில் இடம் கிடைத்துவிட்டது. உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் இங்கே நடந்த கூத்தைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் புரியாது.

கல்லூரியிலிருந்து கடிதம் வந்ததும் ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்தேன். அம்மாதான் அத்தா முன்னால் எடுத்துப் போட்டாள். அத்தா படித்தார், மடித்தார், கடைக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் நாலு பேரும் சேர்ந்து வந்தார்கள். முடிந்தது என் வாழ்க்கை என்று நினைத்தேன்.

நடேசன் மாமாதான் ஆரம்பித்தார்.

"பாய், பாப்பா இங்க குந்திக்கினு இருந்த வரிக்கும் நாம உருப்பட்டோமா? அது பூந்தமல்லில பரிட்ச எழுதுச்சு, நாம ஜெயிச்சோம். இதுல யோசிக்க இன்னா கீது? தூரமா அனுப்பு."

"பூந்தமல்லி பத்தாது. சேலம்னா இன்னும் தூரம். இன்னும் நல்லது" என்றார் ஜெயராமன் அங்கிள். இவர் தொழிற்சாலையில் இன்ஜின் சோதித்து ரிட்டயர் ஆனவர்.

ஜஸ்டின் அண்ணன் மட்டும், "அண்ணி குந்துனதாலகூட இருக்கலாம்ல?" என்றார். அதற்கு ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. நான் பரீட்சை எழுதியதாலா, அம்மா உட்கார்ந்ததாலா, அத்தா கண்ணைத் திறந்ததாலா? கடைசியில் எதையும் விட வேண்டாம் என்று முடிவானது. அம்மா உட்கார வேண்டும். அத்தா கண்ணைத் திறந்துவைக்க வேண்டும். நான் சேலத்தில் இருந்துகொண்டு ஆட்டம் நடக்கிற நேரத்தில் ஒரு பரீட்சை எழுத வேண்டும்.

"ஞாயித்துக்கிழமல எந்தக் காலேஜுல பரிட்ச வெப்பாங்க?" என்று கேட்டேன்.

"நீயா எதுனா எழுது பாப்பா. பேனா, பேப்பரு இருந்தா போதும்."

இப்படித்தான் அண்ணா, எனக்குப் படிப்பு கிடைத்தது. என் மதிப்பெண்ணை ஒருவரும் கேட்கவில்லை. எட்டு வருடம் என்னை ராசி என்று உட்காரவைத்தவர்கள், ஒரே நாளில் என்னைத் தரித்திரம் ஆக்கி ஊரைவிட்டு அனுப்புகிறார்கள், அதுவும் வாழைப்பழத்தோடு. நான் ஆசைப்பட்டது கிடைத்தது. கிடைத்த விதத்தை நினைத்தால் குமட்டுகிறது.

ஆத்திரத்தில் உன் ரகசியத்தை உடைத்துவிட்டேன். மன்னித்துக்கொள். அவர்கள் போன பிறகு அத்தாவிடம், "நீங்க கெட்டது போதாதுன்னு அண்ணனையும் கெடுத்துட்டீங்க. அங்க ஓசூர்ல செருப்பில்லாம மாடில நிக்கிறான்" என்று கத்தினேன். உன் பெயரை எடுத்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும்.

அத்தா கேட்டார்.

"ரெண்டு கால்லயுமா?"

"ஆமாம்" என்றேன்.

"நிறுத்தச் சொல்லாத" என்றார். எழுந்து போய் முகம் கழுவினார். இரண்டு வருடத்தில் உன்னைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அடுத்த நாள் அம்மா போனில் உன் நம்பர் திறந்திருந்தது. யார் திறந்தது என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மஹீரா


ஓசூர்
7.6.2025

மஹீரா,

இடம் கிடைத்ததற்கு மாஷா அல்லாஹ். எந்தக் காரணத்துக்கு அனுப்பினால் என்ன, போய்ச் சேர். குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக்கொள்.

நேற்று அம்மா அத்தாவின் கடையிலிருந்து பேசினாள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நடுவில் நின்றது. நான் பேசி முடிக்கும் வரை ஓடவில்லை.

செருப்பு விஷயத்தை நீ சொல்லியிருக்கக் கூடாது. இனி நான் போட நினைத்தாலும் போட முடியாது.

ராஷித்


சேலம்
20.7.2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

இது பகல். ஒளிந்துகொள்ளவில்லை. மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் இருக்கிறது. இருந்தும் எழுத ஆரம்பித்தபோது யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை கதவைப் பார்த்துக்கொண்டேன். பழக்கம்.

இன்று புது சீசனின் முதல் ஆட்டம். காலையிலேயே அத்தா விடுதி போனுக்கு அழைத்தார். சாப்பிட்டாயா, தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று ஊர்ப்பட்ட கேள்விகளைக் கேட்டுச் சுற்றிச் சுற்றி வந்தார். எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும்.

"நாலு மணிக்கு... பேனா கீதா பாப்பா?"

"கீது அத்தா."

"அம்மா குந்தப் போறா. காதப் பிச்சிட்டேன். அவளுக்குப் புழுக்கமா கீதாம். அது பரவால்லியா?"

துணி தயாரிக்கிற படிப்பு படிக்க வந்தவளிடம், நாற்காலிக்குக் காது வேண்டுமா என்று ஆலோசனை கேட்கிறார். பரவாயில்லை என்று சொன்னேன். நான் சொன்னதும் அவருக்கு நிம்மதி.

அம்மாவும் பேசினாள். வெறுப்பாகத்தான் பேசினாள். "எந் தலையெய்த்து, அந்த மூஞ்சிங்களப் பாத்துக்கினு குந்தணும்" என்றாள். ஆனால் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவாளாம். முன்னால் போனால்தான் அத்தாவை நேர் எதிரே நிற்கவைக்க முடியுமாம். கண்ணை மூடுகிறாரா என்று பார்க்க வேண்டுமாம்.

இங்கே என் அறைத்தோழி ஜெபா, "ஞாயித்துக்கிழமை என்னடி பரீட்சை?" என்று கேட்டாள். வீட்டுக்குக் கடிதம் என்றேன். நாலு மணிக்குத்தான் தொடங்க வேண்டுமா என்று கேட்டாள். என்ன சொல்வது? ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு டீம் இருக்கிறது, அதற்கு ஆடத் தெரியாது, அதன் ரசிகர்களுக்குப் பார்க்கத் தெரியாது, அவர்களில் நான் ஒருத்தி இல்லை என்று சொல்வதா?

நீ இப்போது மாடியில்தான் நின்றுகொண்டிருப்பாய். வெட்கம்கெட்ட குடும்பம்.

என் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு திடல். பக்கத்துப் பாலிடெக்னிக் பையன்கள் பந்து ஆடுகிறார்கள். இங்கே யாரும் என்னைத் திரும்பி உட்காரச் சொல்லவில்லை. இஷ்டத்துக்குப் பார்க்கலாம். ஜெபா ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் வந்ததும் முதல் வேலையாக நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.

இப்போது வெளியே பெரிய கூச்சல். கோல் போலிருக்கிறது. "ஏய் மஹீரா, சீக்கிரம் பாரேன்!" என்று ஜெபா தோளைப் பிடித்து உலுக்குகிறாள். உலுக்கியதில் மை கோடு இழுத்துவிட்டது, பார்.

அங்கே ஜூபிலி ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் திரும்பமாட்டேன்.

மஹீரா